குச்சி நட்ட கூடுகள்

"நான் யாரையும் கைகாட்டல. நாம கண்டுபிடிக்கிற கூடு மட்டும் ஏன் காலியாகுதுன்னுதான் கேக்குறேன்."

"கைகாட்டாமலே எப்படிக் கைகாட்டுறதுன்னு உங்ககிட்டதான் கத்துக்கணும் அண்ணே."

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய கடையின் பின்னறையில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர், ஓய்வுபெற்ற டீச்சர், இப்போது அவருக்கு வாய் கொடுத்த தையற்காரி. ஊர் எல்லையில் கிடக்கும் பொட்டலை யாரும் வளைத்து மனை போட்டுவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் அங்கே குப்பை பொறுக்கி, முள்செடி வெட்டி, நடைபாதையைச் செதுக்கி வைப்பவர்கள். பொட்டலில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த வருஷம்தான் அவர்களிடம் ஒரு பதில் கிடைத்திருந்தது. ஆட்காட்டிக் குருவிகள் அங்கே முட்டையிட்டிருந்தன. வெள்ளிக்கிழமை நில அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். முட்டையோடு ஒரே ஒரு கூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பொட்டல் பொட்டலாகவே இருக்கும். இல்லையென்றால் அங்கே மனை பிரித்து விற்க மனைக்காரர் கேட்ட அனுமதி அவர் கைக்குப் போய்விடும்.

கூடு என்று பேருக்குத்தான் சொல்வது. தரையில் ஒரு சின்னப் பள்ளம், கூழாங்கல் நிறத்தில் முட்டைகள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தெரியாமல் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டச் சொன்னவள் தையற்காரி. துணியும் அவள் கடையுடையது. ஓரம் பிரியாமல் இருக்க இரட்டை மடிப்பு மடித்துத் தைத்திருந்தாள். பொட்டலில் வெயிலில் காயப்போகிற துணிக்கு எதற்கு இந்த நேர்த்தி என்று டீச்சர் கேட்டபோது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றாள்.

குச்சி நட்ட சில நாளில் முட்டை காணாமல் போனது. ஒரு கூடு, பிறகு இன்னொன்று. ஓடுகூடக் கிடக்கவில்லை.

"உங்க மாப்பிள்ளை இப்ப யாருக்கு வண்டி ஓட்டுறார்?" என்றார் டீச்சர்.

"ஊருக்கே தெரியும். மனைக்காரருக்கு."

"தெரியும். சும்மா கேட்டேன்."

"எங்க மாப்பிள்ளைக்கு முட்டைன்னா ஆம்லெட்தான் தெரியும் டீச்சர். பொட்டல்ல குனிஞ்சு பொறுக்குற அளவுக்கு அவருக்கு இடுப்பு வளையாது."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தச் 'சும்மா' அவளோடேயே எழுந்து தெருவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை என்பது அவள் தங்கையின் கணவர். பேச்சுக்காரர், வேலைக்கு மட்டம். இரண்டு மாதம் முன்புதான், கேட்காமலே, இவர்களோடு வந்து சேர்ந்தார். அவளே பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

டயர் கடை வாசலில் மனைக்காரரின் கார் நின்றிருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. தையற்காரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரட்டை மடிப்பு. அவள் கைத் தையல்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை செய்ததெல்லாம் வேறு அளவில் தெரிய ஆரம்பித்தது. போன் வந்தால் அவர் ஏன் எழுந்து வாசலுக்குப் போகிறார்? குச்சி நட ஆள் கேட்டபோது, "குடுங்க, நான் போறேன்" என்று ஏன் முந்திக்கொண்டார்? தங்கை வீட்டில் அவர் அவளுக்கு எப்போதும் நாற்காலி இழுத்துப் போடுவதுகூட இப்போது நடிப்பாகப் பட்டது. வீட்டுக்குப் போகாமல் திரும்பி மருந்துக்கடைக்கே போனாள். துணியைப் பற்றிச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை சீழ்க்கை அடித்துக்கொண்டே பின்னறைக்குள் வந்தார்.

"என்ன, எல்லாரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். காரணத்தையும் சொன்னார்.

மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. தையற்காரியைத்தான் பார்த்தார். "துணியைப் பார்த்தீங்க. சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

"கேட்டா உண்மை சொல்லியிருப்பீங்களா?"

"இனிமே எதுக்குச் சொல்லணும்?" என்றபடி போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே தங்கையிடமிருந்து போன் வந்தது. "எனக்கு இருக்கிறது ஒரு புருஷன். அவரைத் திருடனாக்கிட்டு எந்தப் பொட்டலைக் காப்பாத்தப் போற?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை தையற்காரி தனியாகப் பொட்டலைச் சல்லடையாகச் சலித்தாள். கடைசியில் ஒரு கூடு கண்ணில் பட்டது. முட்டைகள் பத்திரமாக இருந்தன. வழக்கப்படி குச்சி நட்டாள், துணி கட்டினாள். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லவில்லை. அவர்மீதும் இப்போது அவளுக்கு லேசாக ஒரு சந்தேகம். முள்புதரின் நிழலில் குடையோடு உட்கார்ந்தாள். திருடன் வரட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சைக்கிளில் ஒருவன் போனான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தானோ? தூரத்து மாடியில் ஒரு பெண் போர்வையை உதறிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவள் ஏன் நிற்கிறாள்? உச்சிவெயிலில் ஒரு காகம் வந்தது. தரையை அது பார்க்கவே இல்லை. ஒரு பழைய குச்சியில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தது. ஒன்றுமில்லை. அடுத்த குச்சிக்குத் தாவியது. அங்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக, காலையில் நட்ட புதுக் குச்சி. சிவப்புத் துணியைக் காலால் மிதித்துக்கொண்டு தலையைச் சாய்த்தது, பிறகு நிதானமாக இறங்கியது. ஆட்காட்டிகள் இரண்டும் அலறிக்கொண்டு அதன் தலைமேல் பாய்ந்தன. அவள் குடையை வீசிக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் காகத்தின் ஜோடியும் வந்துவிட்டது. பள்ளத்தில் ஈரம் மட்டும் மிச்சம்.

பொட்டல் முழுக்க அவள் துணிகள் காற்றில் ஆடின, சாப்பாட்டுக்கடைப் பலகைகள் மாதிரி. இந்தக் காகத்தை யார் பழக்கி அனுப்பினார்கள் என்று ஒரு கணம் நினைத்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

மனைக்காரர் வீட்டுக் கொட்டகையில் மாப்பிள்ளை கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க. முட்டை தேட வந்தீங்களா? டிக்கி திறந்துதான் இருக்கு."

"காக்கா, மாப்ளே."

"என்ன காக்கா?"

சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். "அப்ப நீங்களே காக்காய்க்கு விலாசம் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அந்தத் துணி எப்படி இந்த வண்டிக்கு வந்துச்சு?"

"கண்ணாடி லொடலொடன்னு ஆடுச்சு, பையில துணி இருந்துச்சு, கட்டிட்டேன். நடப் போன அன்னிக்கு வெயில் வேற. நான் பார்த்த ஒரு கூட்டுக்குக் குச்சி நடாமலே நட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன். சோம்பேறின்னு திட்டுங்க, வாங்கிக்கிறேன். திருடன்னா வாங்கிக்க மாட்டேன்."

"குச்சி நடாத கூடா? அது..."

"இருக்கு. இன்னிக்குக் காலையில வண்டியில போறப்பகூட அடைகாத்துட்டு இருந்துச்சு."

அவள் வாய் அவளுக்கு முன்னால் ஓடியது. "வண்டியில கூட யாரு இருந்தா?"

"பார்த்தீங்களா, மறுபடியும் ஆரம்பிச்சாச்சு." துடைக்கிற துணியை வாளிக்குள் போட்டார். "கூடு இருக்கிற இடத்தைச் சொன்னா வேலை போகும். சொல்லலன்னா ஊர்ல திருடன். நல்லா மாட்டிவிட்டீங்க என்னை."

மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கேட்கிறார்களா? இவர் சொல்வது நிஜமா, இல்லை நாளைக்கு அதிகாரியை வெறும் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி அவளைத் தலைகுனிய வைக்கப் போகிறாரா? முகத்தைப் பார்த்தாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன். உங்க பேரு எங்கயும் வராது. என்னை நம்பச் சொல்லல. அந்தக் கூடு எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மாப்ளே."