அண்ணன் கேட்டது

பழைய மெயில் கணக்கை மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டபோது, உருப்படியான காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாகத்தான் 'குறிப்பு' நினைத்தார். மெயில்கள் எல்லாம் புதுச் செயலிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பது அவர் எண்ணம். வந்தது பாதிதான்.

குறிப்பு என்பது சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். வருகிற மெயிலின் தலைப்பைப் பார்ப்பாரே தவிர, உள்ளே அவர் படிப்பதில்லை. வேறொரு செயலியில் ஒரு வரிக் குறிப்பு எழுதி, பக்கத்தில் அந்த மெயிலுக்கு ஒரு லிங்க் போட்டு வைப்பார். போட்ட மாத்திரத்தில் படித்து முடித்த நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதியிலேயே பதவி உயர்வும் வாங்கிய மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வரி அவரை முறைத்தது: 'அண்ணன் கேட்டது. சனிக்குள் பதில்.'

லிங்கைத் தொட்டார். 'இந்த மெயில் கிடைக்கவில்லை' என்றது. அழுத்தித் தொட்டார். அப்புறம் குத்தினார். செயலி மரியாதை குறையாமல் அதையே சொன்னது.

அண்ணன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். வாய் வராமல்தான் எழுதியிருக்கிறார். போன வாரம், "மெயில் பாத்தியாடா?" என்று போனில் கேட்டபோது, "படிச்சேன்ணா, யோசிச்சுச் சொல்றேன்" என்று இவர் கூசாமல் புளுகியிருந்தார். இனி எந்த மூஞ்சியோடு 'என்ன கேட்டீங்க' என்பது?

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"லிங்க் நல்லாத்தான் இருக்கு சார். அது போய்ச் சேர்ற இடம்தான் இல்ல."

"மெயில் திரும்பி வருமா, வராதாம்மா?"

"வரலாம் சார். வராமலும் போகலாம். எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

செய்தார். செயலிக்காரர்களின் உதவிப் பக்கத்திலும் அழாத குறையாக எழுதிப் போட்டார். 'உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வந்தது. அதோடு சரி.

சாயங்காலம் மனைவியிடம் சரணடைந்தார். "அண்ணன் என்ன கேட்டிருப்பாருன்னு நெனைக்கிறே?"

"மெயில் எனக்கா போட்டாரு? போன் பண்ணிக் கேளுங்க. நம்பர் இருக்கா, இல்ல அதுக்கும் லிங்க்தானா?"

போட்டார்.

"அண்ணா, அந்த விஷயத்தைத்தான் யோசிச்சிட்டே இருந்தேன்."

"ம்."

"நல்ல விஷயம்தான்ணா."

"நல்ல விஷயமா?"

"இல்ல... நல்லதுன்னா, காலாகாலத்துல நடக்க வேண்டியதுதானே."

"உன் வீட்டுக்காரி என்ன சொல்றா?"

"அவளுக்கு ரொம்ப சந்தோஷம்ணா!"

சோபாவில் இருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரிடா. சந்தோஷமா இருங்க. வச்சிடறேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இல்லை.

"அண்ணா, வச்சிடாதீங்க. நான் படிக்கல. படிச்சேன்னு சொன்னது பொய். இப்ப மெயிலையும் தொலைச்சிட்டேன். என்ன கேட்டீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"செவ்வாக்கிழமை எனக்கு ஆபரேஷன்டா. உள்ள கொண்டுபோறப்ப வெளிய நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும்னாங்க. நீ வந்து உக்காருவியான்னு கேட்டேன்."