வீட்டுக்கு ஒதுக்கிய காது

காது டாக்டர் கையிலிருந்த சின்ன விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“இடது காதுக்குள்ள புண்ணு. ஆறு மாசத்துக்கு இயர்போன் பக்கமே போகாதீங்க.”

“வலது காதுல வெச்சுக்கட்டுமா டாக்டர்?”

“ஏம்மா, நல்லா இருக்கிற ஒண்ணையும் கெடுத்துக்கவா?”

நான் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்பவள். வீட்டிலிருந்தபடியே, பதினெட்டு வருடமாக. யாரோ யாரையோ பேட்டி எடுப்பார்கள். பதிவு எனக்கு வரும். பெருமூச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவேன். அந்த அலுவலகத்தில் எனக்குப் பெயர் கிடையாது. பதினேழாம் எண், அவ்வளவுதான். முதலில் அது உறுத்தியது. பிறகு பழகியது. அப்புறம் எப்போதென்று தெரியாமல் பிடித்துப்போனது. வீட்டில் நான் ஒருவருக்கு மருமகள், ஒருவருக்கு மனைவி, ஒருத்திக்கு அம்மா. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் வெறும் பதினேழாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விளக்க வேண்டியிருக்கும்.

எங்கள் வேலைக்கு மேற்பார்வையாளர் ஒரு அக்கா. நேரில் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம். அவருக்கு ஃபோன் செய்து காது விஷயத்தைச் சொன்னேன்.

“ஸ்பீக்கர்ல கேட்டு அடிம்மா, யார் வேணாம்னா? ஆனா நூறு வார்த்தைக்கு ரெண்டு தப்புக்கு மேல போச்சுன்னா உன் நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. பத்து நாள் வாங்கித் தரேன். கடைசி நாள் வர்ற ஃபைலை வெச்சு முடிவு பண்ணுவாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல.”

வேறு ஆள் பதினேழாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரியே கணவரிடம் ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கணவரோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்று அதன் நோயைக் கேட்பார். கூட வருபவர்கள் இவருக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடை ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. கடைக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையில் தேடிக்கொண்டிருந்தார். கணவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டு, எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி மூன்று செட்டுகளை எடுத்து வைத்தார். முதலாவது கைப்பிடிக்குள் அடங்குகிற இரண்டு குட்டி ஸ்பீக்கர். மூன்றாவது முழங்கால் உயரத்தில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிவது. கணவர் அதன் முன்னாலேயே நின்றுவிட்டார். நடுவில் இருந்ததில் இரண்டு நடுத்தர ஸ்பீக்கர், கூடவே செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு மரப்பெட்டி.

“இந்தப் பெட்டி எதுக்கு?” என்றேன்.

“சப்வூஃபர்மா. அடிவயித்துச் சத்தத்தையெல்லாம் அது பாத்துக்கும். மத்தது இந்த ரெண்டுலயும் வரும்.”

கடைக்காரர் போட்ட பாட்டுக்கு அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஆடின. நான் என் ஃபோனை நீட்டி, அதில் இருந்த ஒரு பதிவைப் போடச் சொன்னேன். பேருந்து ஓட்டுநர்களின் வேலை நேரத்தைப் பற்றிய ஆய்வு அது. பணிமனையில் உட்கார்ந்து ஒரு பெண் கேள்வி கேட்கிறாள்; ஓட்டுநர் இருமிவிட்டுப் பதில் சொல்கிறார்; பின்னால் ஏதோ ஒரு பேருந்து உறுமிக்கொண்டே இருக்கிறது.

“எல்லாரும் பாட்டுப் போட்டுப் பாப்பாங்க. இருமலைப் போட்டுப் பாக்குற மொத ஆளு நீங்கதாம்மா” என்றார் கடைக்காரர்.

குட்டி ஸ்பீக்கரில் அந்த ஓட்டுநர் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட சிறுவன் மாதிரி பேசினார். நடு செட்டில் அவருக்கு நெஞ்சும் தொந்தியும் வந்துவிட்டன. ஆளே எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“அந்த பஸ்ஸுல பேரிங் போயிருக்கு” என்றார் என் கணவர்.

“நாம பஸ் வாங்க வரலீங்க.”

“விளக்கு எரியிறது நல்லா இல்ல?”

“எனக்குக் கேக்கணும். பாக்க வேண்டாம்.”

நடு செட்டையே வாங்கினோம். பேச்சு கேட்பதென்றால் பெட்டியின் பின்னால் இருக்கிற திருகைக் குறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். பெட்டி தரையில் இருக்க வேண்டும், மூலையில் தள்ளக் கூடாது என்றும் என்னவோ சொன்னார். கணவர் விளக்கு செட்டிடம் விடைபெற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பாதி காதில் ஏறவில்லை.

காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு நானே பெட்டியைப் பிரித்தேன். சிவப்பு வயர் சிவப்பு ஓட்டையில், வெள்ளை வெள்ளையில், பச்சை முனை கம்ப்யூட்டரில். இவ்வளவுதானா என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. இரண்டு ஸ்பீக்கரையும் மேசையின் இடதுபக்கம் ஒட்டினாற்போல வைத்தேன். பெட்டியை அவற்றுக்குப் பக்கத்திலேயே மேசைமேல் வைத்தேன். வலதுபக்கம் எப்போதும்போல டீ டம்ளரைத் தவிர காலியாக இருந்தது.

ஓட்டுநர் வாயைத் திறந்ததும் டீயில் வளையம் வளையமாக அலை எழுந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அத்தையின் கட்டில். இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து பகலில் பெரும்பாலும் அதில்தான் இருப்பார். ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றார்.

“ஏம்மா, உன் டிரைவரு என் இடுப்புக்குள்ள உக்காந்து பேசுறான்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையின் மூலையில் வைத்தேன்.

“இப்ப பஸ்ஸோட வந்துட்டான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் கடைக்காரர் மூலையைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய போர்வையை நாலாக மடித்து மேசைக்கு அடியில், சுவரைத் தொடாமல் வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். பின்னாலிருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கால்வாசிக்கு வந்தபோது பேருந்தின் உறுமல் அடங்கி, ஓட்டுநர் மட்டும் மிஞ்சினார். அத்தையும் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

நிம்மதி இரண்டு நாள்தான். முதல் இரண்டு பதிவுகளும் திருத்தப்பட்டு வந்தன. நூற்றுக்கு நான்கு தப்பு. ஐந்தாம் நாள் ஐந்து. எங்கே தவறுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கேட்கிற பெண்ணும் பதில் சொல்கிறவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்கள். ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு விழுந்து இரண்டும் நசுங்கிப்போயிருந்தது. இயர்போன் இருந்தபோது காதுக்குள்ளேயே ஒலித்ததால் எப்படியோ பிரித்தெடுத்துவிடுவேன். இப்போது ஒரே இடத்துக்கு இருபது தடவை திரும்பிப் போனேன். பதினேழாம் எண் கையைவிட்டு நழுவுவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பயமாகக்கூட இல்லை. ஒரு மந்தம். வேலை போனபின் அந்த ஐந்து மணி நேரமும் சத்தமில்லாமல் வீட்டோடு கலந்துவிடும். அப்படி ஒரு நேரம் இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது.

ஏழாம் நாள் மத்தியானம் அத்தை டீயோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டையும் எதுக்கும்மா ஒரே பக்கம் வெச்சிருக்க?”

“நான் இந்தக் காதுலதானே அத்தை கேப்பேன்.”

“புண்ணு இருக்கிற காதுலயா?”

அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது; எனக்குத் தோன்றவே இல்லை.

பதினெட்டு வருடமும் இயர்போனில் ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறேன். இடது காதில். மற்றது தோளில் தொங்கிக்கொண்டிருக்கும். வேலையில் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. அவள் அழுவதைக் கேட்க வலது காதைத் திறந்து வைத்தேன். பிறகு அந்தக் காது வாசல் மணியைக் கேட்டது, அடுப்பில் பால் பொங்குவதைக் கேட்டது, துணி துவைக்கும் இயந்திரம் நிற்பதைக் கேட்டது, அத்தையின் கட்டில் கிறீச்சிடுவதைக் கேட்டது. மகள் படிக்கப் போய் விடுதியில் இருக்கிறாள். அவளுடைய காலி அறையையும் அது இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காதை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. நானேதான் ஒதுக்கிவைத்தேன். ஒதுக்கியதை மறந்தும்போனேன்.

“ரெண்டு பேரை ஒரே மூலையில நிக்க வெச்சா சண்டைதான் போடுவாங்க. ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளு” என்றார் அத்தை.

தள்ளினேன். வயர் எட்டவில்லை. மேசைக்கடியில் குனிந்து பெட்டியை நடுவுக்கு இழுத்து, ஒரு ஸ்பீக்கரை வலது ஓரத்தில் வைத்தேன். இரண்டையும் என் முகத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பினேன். சத்தம் கொஞ்சம் அகலமானது. ஆனால் இரண்டு குரலும் நட்டநடுவிலிருந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டேதான் வந்தன. அத்தைக்கும் ஏமாற்றம்தான். “ஒட்டிப் பொறந்ததுங்க போல” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். கையில் கிரீஸ் போகாமலேயே உட்கார்ந்து, கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார்.

“ஆளுக்கு ஒரு மைக் குத்தியிருப்பாங்க, இல்ல? அப்ப ஒருத்தர் அந்தப் பக்கம், ஒருத்தர் இந்தப் பக்கம்தானே வரணும்?”

பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். திரையையே உற்றுப் பார்த்தார்.

“என்னங்க?”

“இதை நான்தான் போட்டு வெச்சேன்.”

“எதை?”

“ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணாக்கி விடுற செட்டிங். நீ ஒரு காதுலதானே மாட்டுவ. இன்னொரு பக்கம் பேசுறது உனக்குக் கேக்காமப் போயிடுமேன்னு. ஒவ்வொரு தடவ கம்ப்யூட்டர் மாத்தும்போதும் மொத வேலையா இதைத்தான் போடுவேன். சுத்தமா மறந்துட்டேன் பாரு.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“இதுல சொல்ல என்ன இருக்கு?”

எனக்குக் கோபம் வந்ததா, நெஞ்சு இளகியதா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாதென்று இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். இன்னொரு காது எங்கே போனதென்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லையே.

அவர் திரையில் அந்தச் செட்டிங்குக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தார்.

கேள்வி கேட்கும் பெண் என் இடதுபக்கம் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் வலதுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மேசை அளவு காற்று. அவர் இருமும்போதே அவள் அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டாள். இருமலும் கேட்டது, கேள்வியும் கேட்டது. ஒன்றையொன்று தொடவில்லை. நான் வலதுபக்கம் திரும்பிப் பார்த்தேன், உண்மையிலேயே ஆள் இருப்பதுபோல.

“கழுத்தைத் திருப்பாத, ஆளு ஓடிடப் போறாரு” என்றார் கணவர்.

பத்தாம் நாள் காலை கடைசிப் பதிவு வந்தது. வேறொரு ஓட்டுநர், வயதானவர், ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தன் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது என்றார். “சோத்துத் தட்டு முன்னால கூட மிதிக்கும்மா” என்று அவர் சொல்ல, அதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட, சிரித்துக்கொண்டே வேறு ஏதோ கேட்க, அவர் அதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார். என் விரல்கள் தடுமாறவில்லை. இடதில் அவள், வலதில் அவர், காலடியில் பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது.

முடித்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். கதவருகே அத்தை ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் பார்சலுமாக நின்றிருந்தார்.

“எப்ப வந்தீங்க அத்தை?”

“பெல் அடிச்சாங்க. உன்னைக் கூப்பிட்டேன். மூணு தடவ.”

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். காது சுட்டது. மணி அடித்ததும் தெரியவில்லை, கட்டில் கிறீச்சிட்டதும் தெரியவில்லை. தப்பு செய்து பிடிபட்டவள் மாதிரி இருந்தது.

“கேக்கல அத்தை” என்றேன். அந்த வீட்டில் நான் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

“கேக்கலைன்னா கேக்கல. நானே போய்த் திறந்தேன், ஒண்ணும் உடைஞ்சு போகல. தினமும் எந்திரிச்சு நடக்கணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. நான் காலைக் கீழ வைக்கிறதுக்குள்ள நீதான் ஓடி வந்து நிக்கிற.”

சொல்லிவிட்டுப் பார்சலை மேசையின் வலது ஓரத்தில் வைக்கப் பார்த்தார். அங்கே ஸ்பீக்கர் இருந்தது. கட்டில் பக்கம் எடுத்துப் போனார்.

சாப்பாட்டு நேரத்துக்கு மேற்பார்வை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. “நூத்துக்கு ஒண்ணு. பதினேழு, நீ தொடரலாம். அடுத்த ஃபைல் அனுப்பியாச்சு.” இரண்டு தடவை படித்தேன். சத்தமாகச் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. அத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னவாம்?”

“வேலை இருக்கு அத்தை.”

“அப்ப போய் உக்காரு, என்னை எதுக்குப் பாக்குற?”

உட்கார்ந்தேன். புதிய பதிவைத் திறந்தேன். வலதுபக்கம் கதவருகே ஊன்றுகோல் வந்து நின்றது.

“கதவைச் சாத்தட்டுமா?”

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறைக் கதவு பகலில் மூடியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. என் கை அதற்குள் புண்ணான இடது காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“சாத்துங்க அத்தை.”

கதவு மூடியது. அந்தச் சத்தம் வலதுபக்கத்திலிருந்து தெளிவாக வந்தது. பிறகு ஊன்றுகோல் மெதுவாக, அவசரமில்லாமல், கூடத்தின் அந்த முனைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தது.