மூக்கில் உட்காராத கண்ணாடி

...பூட்டு புதுசு, பளபளவென்று தொங்குகிறது, அப்படியென்றால் இது அவர் போட்டதில்லை, கட்டிடச் சொந்தக்காரர் போட்டதாகத்தான் இருக்கும், கண்ணாடிக்காரர் ஒருநாளும் மதியத்தில் கடையை மூடியதில்லையே, சாப்பாடுகூட மேஜைக்குப் பின்னால்தான், யாராவது வந்தால் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வருவார்... கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்க்கிறேன், அலமாரிகள் காலி, சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை மட்டும், என்னையறியாமல் மேல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன், "அவசரப்படாதீங்கம்மா, தெரியறத மட்டும் சொல்லுங்க" என்று அவர் குரல் காதோரம் கேட்கிறது, திரும்பினால் யாருமில்லை, பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் தலையை நீட்டி, போன வாரமே காலி பண்ணிட்டுப் போயிட்டார், எங்கே என்று தெரியாது என்கிறார்.

நான் மட்டுமா செய்தேன், ஊரே செய்கிறது... சரி, ஆபீசில் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவரிடம் கண்ணைப் பரிசோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்வது, பதினைந்து ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பது, பிடித்ததன் உள்பக்கம் பொடியாக இருக்கும் மாடல் எண்ணை அவர் அசந்த நேரம் செல்போனில் படம் பிடிப்பது, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுவது, பிறகு இணையத்தில் பாதி விலைக்கு வரவழைப்பது. என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வந்த கண்ணாடி மூக்கில் உட்காரவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது, வெட்கமில்லாமல் அவரிடமே கொண்டுபோனேன். காதில் மாட்டும் காம்பைச் சூடாக்கி வளைத்தார், என் காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தார், மறுபடி வளைத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். எங்கே வாங்கியது என்று கேட்டபோது, வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அனுப்பினாள் என்றேன், வாய் கூசாமல். துணியால் துடைத்துக்கொண்டே, "நல்லா பாத்து எடுத்திருக்காங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

நம்பினாரா? இரண்டு மாதமாக இதே அரிப்பு, கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் காதுக்குப் பின்னால் அந்த விரல் இருக்கிறது... இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, இன்னொன்று அவரிடமே வாங்கிவிடலாம் என்றுதான் சாப்பிடாமல் ஓடிவந்தேன், இனி யாரிடம் சொல்வது? நம்பியிருப்பார், பாவம், அவருக்கு என்ன தெரியும்... இல்லை, இரு, போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இங்கேதானே கூட்டிவந்தேன், புதுக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து அம்மா அழுதாளே, அவரிடம் சொன்னாளே, "எனக்கு இவ ஒருத்திதான், கூடப்பொறந்ததுன்னு இவளுக்கும் யாருமில்ல" என்று, அவரும் தலையாட்டினாரே... அப்படியென்றால் தெரிந்துதான் அன்றைக்குத் துடைத்திருக்கிறார், தெரிந்துதான் என் கையில் கொடுக்காமல் அவரே மாட்டிவிட்டு, இப்ப சரியா இருக்கா என்று கேட்டிருக்கிறார், நானும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.