சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு வார்த்தை கூடாது

மணி நாலே முக்கால். சம்பந்தி வீட்டுக் கார் ஐந்துக்கு வந்துவிடும். ப்ரோங்கா அத்தை இன்னும் எங்கள் வீட்டுப் பேச்சான கஷூபியத்தில்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

“அத்தை, போலிஷ்!” என்றேன்.

“கோழிகிட்டயுமாடா போலிஷ் பேசணும்?”

“கோழிகிட்டயும்தான். அப்பா உத்தரவு.”

அத்தை கோழியைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். “அன்புள்ள கோழியே, தயவுசெய்து கூடைக்குள் எழுந்தருள்வாயாக” என்றாள், பாதிரியார் குரலில். கோழி கொல்லைப்பக்கம் ஓடியது.

“பாத்தியா? அதுக்கே பயமா இருக்கு.”

நான் ஃபெலிக்ஸ். மணப்பெண் ரோசாலியாவின் அண்ணன். எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை, அப்பா எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் லிபோவ்காவில் எவர் வாயிலிருந்தும் ஒரு கஷூபிய வார்த்தைகூட வெளியே வந்துவிடக் கூடாது. நாற்பது குடும்பம், நூற்றி எண்பது வாய். காவலுக்கு நான் ஒருத்தன்.

மாப்பிள்ளை க்ளெமென்ஸ் க்தீனியாவில் கப்பல் கட்டும் இன்ஜினியர். அவன் பேசும் போலிஷ் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். இரண்டு வருஷமாக என் தங்கையோடு சினிமா, கடற்கரை, ஐஸ்கிரீம் என்று சுற்றினான். அத்தனையும் போலிஷில். வீட்டில் நாங்கள் என்ன மொழி பேசுகிறோம் என்பதைப் பற்றி ரோசாலியா அவனிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கஷூபிய வார்த்தைக்கு உள்ளங்கையில் ஒரு அடி என்ற கணக்கில் வளர்ந்தவர்கள் நாங்கள். போதாக்குறைக்குப் போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணமே நின்றுபோனது. நகரத்து மாமியார் பெண்ணின் அப்பா பேசியதைக் கேட்டாள். “என்ன இது, மாட்டுக் கொட்டகைப் பேச்சு?” என்றாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் குடை என் அப்பாவுக்குக் கனவில் வந்தது.

“ஃபெலிக்ஸ், ஏதாவது ஆச்சுன்னா நான் செத்தே போயிடுவேன்” என்றாள் ரோசாலியா, தலையில் சுருள் ஊசிகளோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து.

“ஒண்ணும் ஆகாது.”

“ஸிக்முந்த் வருவானா?”

வருவான். அதுதான் பிரச்சினை. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஊரே பெண் வீட்டு வாசலுக்கு வந்து கண்ணாடி உடைக்கும். அழைப்பெல்லாம் கிடையாது. காலி பாட்டில், விரிசல் விட்ட தட்டு, மூக்கு உடைந்த தேநீர் ஜாடி, எதுவும் ஆகும். எவ்வளவு நொறுங்குகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம். உடைத்தவருக்கு ஒரு துண்டு கேக், ஒரு சின்னக் குப்பி வோட்கா கொடுத்தே ஆக வேண்டும். வோட்கா உள்ளே போனால் போலிஷ் வெளியே போய்விடும். டிராக்டர்காரன் ஸிக்முந்துக்கு முதல் குப்பியிலேயே போய்விடும்.

ஐந்து மணி. பால் நிறத்தில் ஒரு குட்டி ஃபியட் முற்றத்தில் வந்து நின்றது. க்ளெமென்ஸ், அவன் அம்மா அனஸ்தாசியா, அப்பா லெயோன். பின்னாலேயே பஸ்ஸில் வந்த உறவுக்காரர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் கதவகலத் தோள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நகரத்துத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

“தங்கள் இல்லத்தில் அடியெடுத்து வைத்தது எங்கள் பேறு” என்றார் லெயோன்.

“தங்கள் வருகையால் எங்கள் இல்லம் ஒளி பெற்றது” என்றார் அப்பா. நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தது.

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

“வானிலை நன்று.”

“மிக நன்று.”

“நாளையும் நன்றாகவே இருக்கும் எனக் கருதுகிறேன்.”

“அவ்வாறே நானும் கருதுகிறேன்.”

அதோடு அப்பாவிடம் இருந்த வாக்கியங்கள் தீர்ந்துபோயின. லெயோனிடமும் தீர்ந்துபோன மாதிரிதான் தெரிந்தது.

நல்லவேளை, கண்ணாடி உடைய ஆரம்பித்தது. சிலீர்! சிலீர்! ஜனம் வந்தது, உடைத்தது, பேசாமல் தலையை ஆட்டியது, கேக்கை வாங்கியது. எவராவது வாயைத் திறப்பது தெரிந்தால் நான் பாய்ந்து போய் உள்ளே ஒரு துண்டு கேக்கைத் திணித்தேன். ஆறு மணிக்குள் பதினோரு வாய். தபால்காரருக்கு மட்டும் இரண்டு தரம்.

ஆறு இருபது. டிராக்டர் சத்தம்.

ஸிக்முந்த் பின்வண்டியோடு நேராக முற்றத்துக்குள் வந்தான். பின்வண்டியில் இடித்துத் தள்ளிய பழைய பால் பண்ணையின் கழிப்பறைப் பீங்கான்கள். முழுசாக மூன்று. முதலாவது விழுந்து வெடித்தது. கைதட்டல். இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது உடையவில்லை. உருண்டது. ஒரு சுற்று சுற்றி யோசித்தது. பிறகு நேராகப் போய் லெயோனின் வலது கால் மேல் உட்கார்ந்தது.

“அய்யோ, இடிவிழுவான்! எம் பெருவிரலு போச்சே! எவம்லே இத உருட்டுனவன்? சவத்து மூதி!”

அத்தனை தலையும் லெயோன் பக்கம் திரும்பியது.

அது போலிஷ் இல்லை.

அனஸ்தாசியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “படிச்சுப் படிச்சு சொன்னேம்லா, வாயத் தொறக்காதியன்னு! ஒரு சாயங்காலம்! ஒரே ஒரு சாயங்காலம் பொறுக்க முடியலியா ஒங்களுக்கு?”

அதுவும் போலிஷ் இல்லை.

க்ளெமென்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. “ரோசாலியா, நான் விளக்கிவிடுகிறேன்” என்றான் வானொலிக் குரலில். “என் தந்தை மீனவர். நாங்கள் ஹெல் கரையைச் சேர்ந்த கஷூபியர்கள். தங்கள் குடும்பத்தார் எங்களை இழிவாக எண்ணிவிடக் கூடாதே என்று…”

ரோசாலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷம்” என்றாள், சுத்தக் கஷூபியத்தில். “ரெண்டு வருஷம் நாக்கு சுளுக்கிக்கிட்டு உன்கூட போலிஷ் பேசியிருக்கேன். ஐஸ்கிரீம் கேக்கக்கூட இலக்கணம் பாத்தேன். அடப்பாவி!”

“நீயுமாட்டி?” என்றான் க்ளெமென்ஸ். வானொலி நின்றுவிட்டது.

அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். நூற்றி எண்பது வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. கதவகலத் தோள் ஆறு பேரும் எங்களைவிட மோசமான வாயாடிகள். அத்தை அனஸ்தாசியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரும் எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் சிரித்தார்கள். அப்பா லெயோனின் முதுகில் ஓங்கி அறைந்தார். லெயோன் ஒற்றைக்காலில் குதித்தபடியே திருப்பி அறைந்தார். நான் கேக் தட்டைத் தூக்கிப் போட்டு உடைத்தேன்.

இந்த ஆனந்தம் சரியாகப் பத்து நிமிஷம் நீடித்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா சம்பந்தி?” என்றார் அப்பா, மூன்றாவது குப்பியோடு. “நீங்க பேசுறது பாதி புரியல. வாயில மீனை வெச்சுக்கிட்டே பேசுற மாதிரி இருக்கு.”

“ஒம்ம பேச்சு மட்டும் என்னவாம்? வாத்து கொட்டாவி விட்ட மாதிரில்லா இருக்கு!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அது கெடக்கட்டும் வே” என்றார் லெயோன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பேரப்பிள்ளையளுக்கு நாங்க சொல்லிக் குடுத்துக்கிடுதோம், ஒழுங்கான கஷூபியத்த.”

அப்பாவின் சிரிப்பு நின்றது.

“ஒழுங்கானதா?”

“ஆமா. பழசு. சுத்தமானது.”

“அப்போ எங்களுது?”

“ஒங்களுது… காட்டுக்குள்ள இருக்கவங்களுக்குப் போதும்.”

“என் பேரன் என் பேச்சுதான் பேசுவான்!”

“எம் பேரன் வே அவன்!”

இன்னும் பிறக்காத பையன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருவருமே அடுத்தவரிடமிருந்து இந்தப் பேச்சை ஒளித்து வைத்திருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. “மீன் தலை!” என்று இந்தப் பக்கம். “உருளக்கெழங்கு!” என்று அந்தப் பக்கம்.

“ஏட்டி, காருல ஏறு!” என்று லெயோன் அனஸ்தாசியாவிடம் கத்தினார். “கல்யாணமும் வேண்டாம், கருமாதியும் வேண்டாம்!”

ரோசாலியாவின் கையிலிருந்த தட்டு தானாக நழுவி விழுந்தது.

லெயோன் சாவியோடு காருக்குப் போனார். கதவைத் திறந்தார். கீழே பார்த்தார். அப்படியே நின்றார்.

காரைச் சுற்றி இருபது அடிக்குக் கண்ணாடி. வாசல் கேட் வரைக்கும் கண்ணாடி. புது டயருக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்த காலம் அது. குறுக்கே ஓட்டினால் நாலும் போய்விடும்.

“வாரியல் எங்கவே?”

வாசலோரம் இருந்த விளக்குமாற்றை ஊரே பார்த்தது, ஒருவரும் எடுக்கவில்லை. இந்தக் கண்ணாடியைக் கூட்ட வேண்டியது மாப்பிள்ளையும் பெண்ணும்தான். வேறு ஒருவர் விளக்குமாற்றைத் தொட்டால் அந்தக் குடும்பம் விளங்காது. ஹெல் கரையிலும் இதே வழக்கம்தான். லெயோனுக்கே அது நினைவு வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

“க்ளெமென்ஸ், சீக்கிரம் கூட்டுலே!”

க்ளெமென்ஸ் ரோசாலியாவைப் பார்த்தான். ரோசாலியா விளக்குமாற்றை எடுத்து வாசற்படியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

“கூட்ட மாட்டோம்.”

லெயோன் மூன்று விநாடி யோசித்தார். பிறகு விரலைச் சொடுக்கினார். “தூக்குங்கலே வண்டிய!”

கதவகலத் தோள் ஆறும் வந்தன. ஒன்று, ரெண்டு, மூணு! குட்டி ஃபியட் தரையை விட்டு எழுந்தது. அனஸ்தாசியா உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி நறநறக்கக் கார் கேட்டை நோக்கி மிதந்து போனது. ரோசாலியா அசையவில்லை. ஆனால் க்ளெமென்ஸின் கையை அவள் பிடித்திருந்த பிடியில் அவன் விரல் நீலமாகிவிட்டிருந்தது.

கேட்டுக்கு இன்னும் பத்தடி. எட்டடி.

டிராக்டர் சத்தம்.

சண்டை நடந்ததே தெரியாமல் இரண்டாவது நடை போய்விட்டு வந்த ஸிக்முந்த், பின்வண்டியை மனசார கேட்டிலேயே கவிழ்த்தான். பால் பண்ணையின் ஜன்னல் கண்ணாடிகள், அறுபது எழுபது. அந்தச் சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாம்.

“அதிர்ஷ்டம்!” என்று கத்தினான் ஸிக்முந்த், இரண்டு கையையும் தூக்கி.

முன்னால் கண்ணாடி மலை. பின்னால் கண்ணாடி மைதானம். காரைத் தூக்கி நின்றவர்களில் ஒருவன் கத்தினான். “பெரியப்பா, சீக்கிரம் சொல்லுங்க, எறக்கவா வேண்டாமா?”

“எறக்கித் தொலைங்கலே!”

கண்ணாடிக் கடலின் நடுவில் ஃபியட் ஒரு தீவாக நின்றது. லெயோன் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பெருவிரலைத் தடவினார்.

க்ளெமென்ஸ் எழுந்தான்.

“யப்பா” என்றான். “இவ இப்பம் பேசினதுல பாதி எனக்கும் புரியல. ரெண்டு வருசம் போலிஷ்ல பேசினோம். எல்லாம் புரிஞ்சுது. ஒரு சண்டை வரல. ஆபீஸ்ல ஃபைல் பாக்க மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு இவ என்னைய ‘அடப்பாவி’ன்னா பாருங்க, அப்பந்தான் இவ யாருன்னே தெரிஞ்சுது. மிச்சப் பாதிய கேட்டுத் தெரிஞ்சுக்கிட எனக்கு நாப்பது வருசம் வேணும். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயில்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்க வாரியளா?”

லெயோன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அனஸ்தாசியா கார் ஜன்னலை இறக்கி, கையை நீட்டி, அவர் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

“வாரேன்” என்றார் லெயோன்.

“அது போதாது” என்றாள் ரோசாலியா. “எங்களைக் கூட்டச் சொல்லி ரெண்டு அப்பாவும் கேக்கணும். சேந்து கேக்கணும். அவங்கவங்க பேச்சுல.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, நறநறவென்று கண்ணாடியை மிதித்துக்கொண்டு காரிடம் போனார். இரண்டு பேரும் தொண்டையைச் செருமினார்கள். ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அப்பா வேகமாகப் போனார், லெயோன் அதைவிட வேகமாகப் போனார், பாதியில் இருவரும் அடுத்தவர் வாக்கியத்தில் கால் தடுக்கி விழுந்தார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று சத்தியமாக யாருக்கும் விளங்கவில்லை.

ரோசாலியா எழுந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள்.

கூட்டி முடியும்போதும் வெளிச்சம் இருந்தது. பதினான்கு கைவண்டி நிறைய அள்ளினார்கள். ஏழாவது கைவண்டியில் அவர்களுக்குள் முதல் சண்டை வந்தது. அவள் ஒன்று சொன்னாள், அவன் வேறு ஒன்று சொன்னான், இருவரும் விளக்குமாற்றின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார்கள். எதைப் பற்றிச் சண்டை என்று ஊரில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.