இல்லாத மருமகன்

வேலையை விட்டு நெடுநாளாகியும் தெருவில் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் பெயர். முதுகுக்குப் பின்னால் 'கம்பி' என்பார்கள். யாரிடமும் வளைந்து கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர் அது. அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பிடித்தும் இருந்தது. மனைவி போனபிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாவிட்டாலும் புறப்படத் தயாரானவர் போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். அவளுக்கு வெளிநாட்டில், ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று அவள் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அப்பா, ஒரு பேப்பர் வாங்கி அனுப்பணும். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அங்கே தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும். அது இல்லாம இங்கே பதிவு பண்ண மாட்டாங்க."

"என்ன பதிவு?"

"கல்யாணப் பதிவுதான்பா. ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. அதை விட்டா மறுபடி எப்போன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய மனிதரால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால், இந்தத் தெருவைப் பொறுத்தவரை அவளுக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகிறது. செய்துவைத்ததே அவர்தான்.

அவளுக்குப் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. எதிரே மருந்துக்கடைக்காரர், பக்கத்திலே தையல்கார அம்மா, யாரைப் பார்த்தாலும் "இன்னும் அமையலையா சார்?" என்ற ஒரே கேள்விதான். கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கேட்டவர்கள் கண்ணிலிருந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மருந்துக்கடையில், "அங்கேயே முடிஞ்சிடுச்சு. பதிவுக் கல்யாணம். மாப்பிள்ளை இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வீடு வீடாக இனிப்பும் கொடுத்தாயிற்று. "பெத்த பொண்ணை வச்சு என்ன விளையாட்டு இது?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பொய்யைப் பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டியிருந்தது. மருமகன் பாலம் கட்டுகிறவர் ஆனார். அதிகம் பேசாதவர் ஆனார். மாமனாரை வாய் நிறைய 'அப்பா' என்றே கூப்பிட்டார். மனைவியும் போனபின், பேச ஆளில்லாத சாயங்காலங்களில் அந்த மனிதர் அவருக்கே கொஞ்சம் துணையாகிப்போனார்.

ஆபீஸில் குமாஸ்தா மனுவைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு சார். விசாரணைக்கு ஆள் வருவார். பொண்ணைச் சின்னதிலிருந்து தெரிஞ்சவங்க ரெண்டு பேர், உங்க தெருவிலேயே, கல்யாணம் ஆகலைன்னு கையெழுத்துப் போடணும்."

"நான் அப்பா. நான் போட்டா போதாதா?"

"பெத்தவங்க சொல்லை மட்டும் நம்பி எப்படி சார் கொடுக்கறது?"

அதற்கு மேல் அவரால் வாதாட முடியவில்லை. தண்டவாளம் காலியாக இருக்கிறது என்று அடுத்த ஸ்டேஷன் சொல்லாமல் ஒரு ரயிலையும் அவர் அனுப்பியதில்லை. இப்போது காலியாகக் கிடந்த தண்டவாளத்தில் ரயில் நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும் என்று தினமும் கேட் வரை போனார். தினமும் திரும்பி வந்தார். அப்படி ஒரு காலையில் கேட்டில் நின்றபோது, மருந்துக்கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. விசாரணைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தெருவைக் கடப்பதற்குள் காரியம் கெட்டிருந்தது.

"ஆகலைன்னு யார் சொன்னது?" மருந்துக்கடைக்காரர் அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை பாலம் கட்டற இன்ஜினியர். ஸ்டேஷன் மாஸ்டரே சொன்னார். அவர் வாயில பொய் வராது, எழுதிக்குங்க."

அடுத்த கடையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. விசாரணைக்காரர் இவர் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் இது? உங்க மேல இவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க. அவங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். எழுதிட்டா அந்தப் பேப்பரை மறந்துட வேண்டியதுதான்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு உங்களையே ஏமாத்திடுச்சா சார்? கல்யாணம்னு சொல்லி நம்ப வச்சிடுச்சா?"

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். பேப்பரும் கிடைக்கும், பெயரும் நிற்கும். பழி கடல் தாண்டி இருப்பவள் மேல் விழும். அவள் காதுக்கு அது போகப்போவதும் இல்லை. வீட்டு மானத்தைக் காப்பாற்றத்தான் அன்று பொய் சொன்னார். அவளும் அந்த வீடுதானே என்று இப்போது உறைத்தது.

"இல்லை. அவ ஒண்ணும் சொல்லலை. நான்தான் பொய் சொன்னேன். அப்படி ஒரு மாப்பிள்ளையே கிடையாது."

"அப்போ... பாலம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பாலமும் இல்லை."

"நீங்க கொடுத்த இனிப்பு?" தையல்கார அம்மா வாசலுக்கு வந்திருந்தாள்.

"அது ஒண்ணுதாம்மா நிஜம்."

யாரும் சிரிக்கவில்லை. தையல்கார அம்மா விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துவிட்டு, "எங்கே போடணும், காட்டுங்க" என்று பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு அப்பவே தெரியும் சார். அம்மா தவறினப்போ உங்க பொண்ணு வந்தாளே, 'உன் வீட்டுக்காரர் வரலையா'ன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சா. அப்புறம் தூரத்துல நின்ன உங்களைப் பார்த்தா. 'அவருக்கு லீவு கிடைக்கலைக்கா'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. எனக்கும் வெளியில சொல்லத் தோணலை."

தாய் கிடந்த வீட்டில், அவர் பொய்யையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். வெளிநாட்டுக்குத் திரும்பும்வரை அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் மாத்திரை வாங்கப் போனபோது, எப்போதும் எழுந்து நின்று கொடுக்கிறவர் அன்று உட்கார்ந்தபடியே நீட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கிக்கொண்டு, எப்போதும் போல நிமிர்ந்தே தெருவைக் கடந்தார். வீட்டுப் படி அன்று கொஞ்சம் உயரமாக இருந்தது.

பேப்பர் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"வந்திடுச்சுப்பா. ஏதாவது சிக்கல் ஆச்சா?"

"தெருவுல விசாரிச்சாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். லீவு கிடைக்கலைன்னு சொன்னியாமே. அன்னிக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பீங்களாப்பா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவர் என்ன வேலை பார்க்கறார்?"

"பேக்கரி வச்சிருக்கார். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அடுப்பு மூட்டணும்."

"நல்ல பழக்கம். பதிவு முடிஞ்சதும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க, ரெண்டு பேரும். அவருக்கு லீவு..."

அந்த வார்த்தையோடு நின்றுபோனார்.

"சொந்தக் கடைப்பா. மூடினாத்தான் லீவு. கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்தபின் எதிர் நாற்காலியைப் பார்த்தார். எத்தனையோ சாயங்காலம் அதில் உட்கார்ந்திருந்த, அதிகம் பேசாத மனிதர் எழுந்து போய்விட்டார். ரொட்டி சுடுகிறவர் இன்னும் வரவில்லை. நாற்காலியில் தூசி படிந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து, துணியை நனைத்துப் பிழிந்து, அதைத் துடைத்துவைத்தார்.