தொட்ட ஆளை நகர்த்த வேண்டும்

எங்கள் ஊரில் கோட்டைத் தெரு சதுரங்கக் கழகத்துக்கும் ரயிலடி செஸ் கிளப்புக்கும் இடையே ஆண்டுக்கு ஒருமுறை நட்பு ஆட்டம் நடக்கும். அன்று முதல் காய் நகர்ந்ததிலிருந்து கடைசிக் கைகுலுக்கல் வரை, தொட்ட காயை ஆடியாக வேண்டும் என்ற விதி ஊரில் எல்லோருக்கும் பொருந்தும். ஒருவரைத் தொட்டவர் அவரை வேறொரு வீட்டுக்கு நகர்த்தியாக வேண்டும். நகர்த்தப்பட்டவர், அடுத்து வரும் ஆட்டம் ஒன்றில் மறுபடி தொடப்படும்வரை அந்த வீட்டில்தான் இருப்பார். போகிற வீட்டில் காலியிடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அங்கே இருப்பவர்களில் ஒருவர் வெட்டுப்பட்டுக் காய்ப் பெட்டிக்குள் போவார்.

இதனால் பெரிய தொந்தரவு இல்லை. சாய்ந்த காயை நேராக்க நினைக்கும் ஆட்டக்காரர் தொடுவதற்கு முன் ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிட்டால் போதும், நகர்த்த வேண்டியதில்லை. ஊர்க்காரர்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். டாக்டர் நாடி பிடிக்கும் முன் சொல்கிறார். கண்டக்டர் சில்லறையை சீட்டின் மேல் வைத்துவிடுகிறார். சலூன்கள் திறப்பதில்லை. கைக்குழந்தை உள்ளவர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதால், சில பிள்ளைகள் ‘அம்மா’வுக்கு முன்பே ‘அட்ஜஸ்ட்’ சொல்லப் பழகிவிடுகின்றன. அப்படிச் சொல்லித் தொட்ட ஆளை, தொட்டவரால் அந்த ஆண்டு ஆட்டத்தில் நகர்த்த முடியாது என்பது மட்டும்தான் நினைவில் வைக்க வேண்டியது. தவிர, தொட்டதைப் பார்த்த யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அது தொட்டதாகும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

என் பத்திரிகைக்கு இந்த ஆட்டத்தை ஆண்டுதோறும் எழுதி அனுப்புகிறேன். மாவட்டப் பக்கத்தில் மூன்று வரி வரும்.

சென்ற ஆண்டு ஆட்டம் கோட்டைத் தெருவில் நடந்தது. முதல் பலகையில் இரு தரப்பிலும் வழக்கமானவர்களே. கோட்டைத் தெருவுக்குக் கனகசபாபதி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ரயிலடிக்குப் பாக்கியநாதன், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். விருந்தாளிகளுக்குக் கனகசபாபதியின் மனைவி மரகதம் தேநீர் கொண்டுவந்தார். பாக்கியநாதன் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளருக்குக் கை நீட்டினார். கை டம்ளரின் மேல் படாமல் மரகதத்தின் விரல்களின் மேல் பட்டது.

“தொட்டுட்டார்! அட்ஜஸ்ட் சொல்லாம தொட்டுட்டார்!” என்று கனகசபாபதி நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். பாக்கியநாதனை விதியில் பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அன்றுதான் முதல்முறையாகக் கிடைத்தது. தொடப்பட்டது தன் மனைவி என்பதை அவர் கத்தி முடித்த பிறகுதான் கவனித்தார்.

நடுவர் வேதாசலம் மேஜை மணியை அழுத்தினார். “எந்த வீட்டுக்கு நகர்த்தறீங்க?”

பாக்கியநாதன் யோசித்தார். “எனக்குத் தெரிஞ்ச வீடு என் வீடுதாங்க.”

“அடுப்புல பால் இருக்கு. யாராவது அணைச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனார்.

பாக்கியநாதன் வீட்டில் காலியிடம் இல்லை. அவரும் தம்பி சேவியரும் மட்டும் இருந்த சிறிய வீடு அது. மரகதம் வாசல்படி ஏறியபோது சேவியர் பின்கட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. அப்படியே வெட்டுப்பட்டார். ரயிலடி கிளப்பின் மேடைக்கு அடியில் இருக்கும் தேக்குப் பெட்டியில் அவரைப் பார்த்துவிட்டு வந்து, கிளப் செயலாளர் எனக்குப் போன் செய்தார். நான் அதை நான்காவது வரியாக எழுதினேன். இடம் போதாமல் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கனகசபாபதிக்கு ஒரே வேலை. அடுத்த ஆட்டத்தன்று மரகதத்தைத் தொட்டு வீட்டுக்கு நகர்த்திவிட வேண்டும். வீட்டில் மரகதத்தின் இடம் காலியாகவே இருந்தது, யாரும் வெட்டுப்பட வேண்டியதில்லை. மற்ற நாட்களில் கேட்டைத் தாண்டிப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், கையைப் பிடித்தாலும் தடையில்லை. ஆனால் அன்றைக்கெல்லாம் எதுவும் நகராது. ஆட்டத்தன்று அந்த ஒரு வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

அதற்காக அவர் கடுமையாகப் பயிற்சி செய்தார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடம் கேட்காமல் நின்றே போனார். கல்யாணப் பந்தியில் நடுவில் ஒரு இலை காலியாக இருந்தும், நகர்ந்து வழிவிடும்படி யாரையும் கேட்க முடியாததால் சாப்பிடாமல் திரும்பினார். வீட்டில் தலையணையை நிறுத்திவைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“ஒரு வார்த்தைய மறக்கறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாது சார்” என்று என்னிடம் சொன்னார்.

பாக்கியநாதனும் தன்னால் ஆனதைச் செய்தார். “அந்தம்மா ரொம்ப ருசியா சமைக்கிறாங்க. ஆனா சேவியர் நாற்காலியில உக்காந்து சாப்பிடறாங்க, எனக்குச் சோறு இறங்கல. இந்த வருஷம் டீத் தட்டை வாத்தியார் பக்கமா கொண்டுவரச் சொல்லியிருக்கேன். தொடட்டும். நானே பார்த்துச் சொல்றேன்” என்றார்.

இந்த ஆண்டு ரயிலடியின் முறை. கிளப் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. யூரியா வாசனையும் விசிறிச் சத்தமுமாக நெருக்கமான கூடம். இரண்டு வரிசை மேஜை போட்டால் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும்.

“என்ன வாத்தியாரே, ராணி இல்லாம ஆடிப் பழகிட்டீங்களா?” என்று ரயிலடிக்காரர் ஒருவர் கேட்டார்.

“டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கறவங்களை எழுப்பிவிடத்தான் வந்திருக்கோம்” என்று கோட்டைத் தெருவிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார்.

கனகசபாபதி இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து அவர் யாரிடமும் பேசியிருக்கவில்லை. காய்களை நேராக்கக்கூட இல்லை. அவருடைய குதிரை ஒன்று சுவரைப் பார்த்தபடி கோணலாக நின்றது.

பாதி ஆட்டத்தில் மரகதம் தேநீர்த் தட்டோடு வந்தார். சொன்னபடி கனகசபாபதியின் பக்கமாக வந்தார். அவருக்கு அருகில் வந்ததும் நடையைக் குறைத்து நின்றார். புடவை புதிது, கோட்டைத் தெரு வீட்டுச் சாவி இடுப்பில் இருந்தது. பாக்கியநாதன் சொல்வதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார்.

கனகசபாபதி எழுந்தார். நாற்காலி பின்னால் இருந்த பெஞ்சில் இடித்தது. மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அவருக்குக் கை வீச இடம் போதவில்லை.

“மரகதம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் தோளைத் தொட்டார்.

வேதாசலம் மணியை அழுத்தினார். “கேட்டுதுங்க. எல்லாருக்கும் கேட்டுது. நேரா நிறுத்திட்டு உக்காருங்க.”

கனகசபாபதி விதிப்படி மரகதத்தின் தோள்களைப் பிடித்து, அவர் நின்றிருந்த தளக்கல்லின் நடுவில் நேராக நிறுத்தினார். பிறகு உட்கார்ந்தார். கடிகாரம் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதத்தான் சொல்றீங்க” என்றார் மரகதம். குரலை உயர்த்தவில்லை. தட்டை மேஜையின் ஓரத்தில் வைத்தார். உள்ளங்கையால் தன் நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டார். கையை எடுக்காமல், “தொட்டுட்டேன்” என்றார்.

“யாரைம்மா?” என்றார் நடுவர்.

“என்னைத்தான். அட்ஜஸ்ட் சொல்லல. நானே பார்த்தேன், நானே சொல்றேன்.”

வேதாசலம் சற்று யோசித்துவிட்டு மணியை அழுத்தினார். “அப்போ நகரணும். எந்த வீட்டுக்கு?”

“வீட்டைப் பெருக்கித்தான் வெச்சிருக்கேன், மரகதம்” என்றார் கனகசபாபதி.

மரகதம் மேடையைப் பார்த்தார். “அந்தப் பெட்டிக்குள்ள எப்படி இருக்கும்?”

“ஆளுக்கொரு பள்ளம்மா. வெல்வெட் ஒட்டியிருக்கும். அவங்கவங்க அளவுக்கு” என்றார் கிளப் செயலாளர்.

“நெருக்கடி?”

“கிடையாது. யாரும் யாருக்காகவும் ஒதுங்க வேண்டியதில்ல.”

“அப்ப அங்கேயே போறேன்.”

இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கனகசபாபதியின் கோணல் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். தேநீர் ஆறுவதற்குள் எல்லோரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். செயலாளர் பெட்டியை இழுத்துக் கொக்கியைக் கழற்றினார். பெட்டி அவ்வளவு நீளமில்லை, ஆனால் உள்ளே இடம் இருந்தது. வெட்டுப்படாமல் தானாக வருகிறவருக்கு ஈடாக ஒருவர் வெளியே போக வேண்டும் என்பதால், மேலாக இருந்த சேவியர் வெளியே வந்தார். கன்னத்தில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. மூடியைச் சாத்தும்போது யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

பாக்கியநாதன் எழுந்து தம்பியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, பிறகு தொடலாமா என்று தெரியாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெட்டியிலிருந்து வந்தவரை வைக்கும் முறை, கடிகாரம் யார் பக்கம் ஓடுகிறதோ அவருடையது என்றார் நடுவர். அது கனகசபாபதியின் பக்கம் ஓடியது. ஓராண்டாக அவர் மனதில் இருந்த காலியிடம் ஒன்றுதான், வீட்டில் மரகதத்தின் இடம். அதைச் சொன்னார்.

பிறகு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ‘அட்ஜஸ்ட்’ சொல்லிக் கைகுலுக்கினார்கள். போட்டி சமனில் முடிந்தது. மூன்று வரி வந்தது.

சென்ற வாரம் ஒரு வேலையாகக் கனகசபாபதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சேவியர் கதவைத் திறந்தார். ஒரு கன்னம் இன்னும் மழிக்கப்படாமலே இருந்தது. தெருவில் பூ விற்கிறவர், “மரகதம்மா, இன்னிக்கு எத்தனை முழம்?” என்று கேட்டார். சேவியர் இரண்டு முழம் வாங்கிக்கொண்டார். எனக்கு நாற்காலி போட ஊஞ்சலருகே இடம் போதவில்லை.

“மரகதம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார் கனகசபாபதி.

“சரிங்க” என்று சேவியர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.