மாமனாருக்கு ஆறாவது இடம்

ஓய்வுபெற்ற வானியல் பேராசிரியருக்கு அறிவியல் காட்சியகத்து ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ‘பேரண்டம்’. அதைவிடச் சிறிய எதைப் பற்றியும் அவர் பேசியதில்லை என்பது ஒரு காரணம். அவர் ஓர் அறைக்குள் நுழைந்தால் வேறு யாருக்கும் அங்கே இடமிருக்காது என்பது இன்னொன்று. “பேரண்டம் வருது, நாற்காலியைத் துடை” என்பார் வாயிற்காவலர். “பேரண்டத்துக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு” என்று டீக்கடைக்கு ஆள் ஓடும். இந்தப் பெயர் வீட்டில் வாய்தவறி வந்துவிடக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஒருத்தி வாழ்ந்துகொண்டிருந்தாள். காட்சியகத்தின் காட்சிப் பலகைகளை எழுதி அமைப்பது அவள் வேலை. பேராசிரியருக்கு அவள் மருமகள்.

பழைய வானியல் அறையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் நடுவயதில் பதிவு செய்த பேராசிரியரின் குரல் கணீரென்று கேட்கும். “பேரண்டம் விரிந்துகொண்டே இருக்கிறது. ஆயினும், ஓடிக் களைத்த குதிரையைப் போல, அதன் வேகம் குறைந்துகொண்டே வருகிறது!” பள்ளிப் பிள்ளைகள் குதிரைக்காகவே அதை அழுத்துவார்கள், அழுத்திவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி ஓடுவார்கள். பேராசிரியரும் ஞாயிறுதோறும் வந்து அழுத்துவார். நின்று கடைசிவரை கேட்பார். ஒவ்வொரு முறையும் பேசியவரின் கருத்தோடு முழுமையாக உடன்படுவார்.

சிக்கல் என்னவென்றால், குதிரை களைக்கவில்லை. அந்தப் பதிவுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே, வெகு தொலைவில் வெடித்துச் சிதறிய விண்மீன்களின் ஒளியை அளந்தவர்கள் திகைத்துப்போனார்கள். அவை இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தன. அதாவது, கணக்குப் போட்டதைவிடத் தொலைவில் இருந்தன. விரிவின் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது. உலகமெங்கும் வானியலாளர்கள் தங்கள் பாடங்களைத் திருத்திக்கொண்டார்கள். பேராசிரியர் மட்டும், அவர்கள் ஒழுங்காக மறுபடி அளந்துவிட்டு வரட்டும் என்று பெருந்தன்மையோடு காத்திருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் உண்டு. இவரிடம் முயலின் நாலாவது காலைப் பிடித்துக் காட்டினால், அது முயலின் பிழை என்பார்.

இப்படிப்பட்டவர்தான் காட்சியகத்தின் ஆலோசனைக் குழுத் தலைவர். மனிதர்கள் வானத்தைப் புரிந்துகொண்டு வந்த கதையைச் சொல்லும் புது மண்டபம் ஒன்றை மருமகள் மூன்று வருடமாக உருவாக்கியிருந்தாள். திறக்க வேண்டியதுதான் பாக்கி. குதிரைக் குரல் எழுத்து மாறாமல் அங்கேயும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தம் ஒப்புதல் கிடையாது என்று தலைவர் அறிவித்துவிட்டார். காட்சியக இயக்குநர் அவருடைய பழைய மாணவர். தலை நரைத்த பிறகும் வாத்தியார் முன்னால் உட்காரத் துணியாதவர். அவர் மருமகளைக் கூப்பிட்டு, உங்கள் மாமனார், உங்கள் பாடு என்று கைகழுவினார். ஒப்புதல் வராவிட்டால் மண்டபம் பூட்டியே கிடக்கும். அவள் பழையபடி பஞ்சடைத்த பறவைகளுக்குப் பெயர் எழுதப் போகலாம்.

பொய்யை வைத்து மண்டபத்தைத் திறப்பதா, மெய்யை வைத்து வீட்டில் பேச்சுவார்த்தையை மூடுவதா என்று தெரியாமல், துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் யோசனை கேட்டாள்.

“அப்பாகிட்ட நான் பேசி ஜெயிச்சது ஒரே ஒரு தடவைதான். உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்போ. அதுவும் தன்னோட யோசனைதான்னு இன்னிவரைக்கும் சொல்லிட்டிருக்காரு” என்றான் அவன்.

அவன் கைவிரித்ததாக நினைத்துத்தான் சொன்னான். அவளுக்கோ, அவன் மடித்த துணியைக் கீழே வைக்கும்போதே வழி தெரிந்துவிட்டது.

மறுநாள் மாமனாரை மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். வளைந்த சுவரில் ஐந்து பலகைகள் வரிசையாக இருந்தன. ஆறாவது இடத்தில் வெறும் சட்டமும் அதன் கீழே அந்தச் சிவப்புப் பொத்தானும். தம் குரலுக்குச் சுவரில் இடம் கிடைத்திருப்பதைக் கண்டு பேராசிரியர் தாராளமாகத் தலையசைத்தார். அப்புறம்தான் வரிசைக்கு மேலே இருந்த தலைப்பைப் படித்தார். ‘மனிதர்கள் செய்த மகத்தான தவறுகள்.’

“என்னைத் தப்புப் பண்ணினவங்க வரிசையிலயா நிறுத்துற?”

“வரிசையில யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு ஒருதடவை பாத்துட்டு வந்து திட்டுங்க மாமா.”

குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவர் போனார். முதல் பலகையில், வானத்தைக் கவிழ்த்த கிண்ணம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அந்தக் கிண்ணத்துப் புள்ளிகளைப் பார்த்தே விதைக்கும் காலத்தைக் குறித்தவர்கள், கரை தெரியாத கடலில் வீடு திரும்பியவர்கள். அடுத்தவர் பூமியை நடுவில் வைத்து, சக்கரத்தின் மேல் சக்கரமாகக் கோள்களைச் சுழற்றியவர். நடு தப்பு, சக்கரம் தப்பு. ஆனால் வெறுங்கண்ணால் பார்த்துப் போட்ட அந்தக் கணக்கை வைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், எந்தக் கோள் எப்போது எங்கே நிற்கும் என்று மனிதர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அதற்கடுத்தவர் காலடியிலிருந்த பூமியையே பெயர்த்துச் சுழலவிட்ட துணிச்சல்காரர். சூரியன்தான் எல்லாவற்றுக்கும் நடு என்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. நான்காவது பலகைக்காரர்கள் நம் பால்வெளியே மொத்தப் பேரண்டமும் என்றார்கள். அப்படிச் சொல்வதற்காக அதை ஓரம்வரை அளந்து பார்த்தார்கள். ஐந்தாமவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெயர் தெரிந்தவர்; அசையாத பேரண்டத்தை விரும்பி, தம் அழகான சமன்பாட்டில் ஓர் எண்ணைச் செருகி அதைப் பிடித்து நிறுத்தினார். பிறகு வெட்கப்பட்டு அந்த எண்ணை எடுத்தெறிந்தார். வேகம் கூடுகிறது என்று தெரிந்ததும், பின்னால் வந்தவர்கள் அவர் எறிந்த எண்ணைத் தேடி எடுத்து மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

பேராசிரியரின் நடை பலகைக்குப் பலகை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு தூசியின் மேல் நின்றுகொண்டு, இரண்டே கண்களோடு, இந்த மனிதர்கள் அனைத்தையும் கணக்குப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தப்பாகப் போய், தப்பு எதுவரை என்பதற்கு ஒரு கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாண்டித்தான் அடுத்தவர் நடந்திருக்கிறார்.

“அஞ்சாவது அவரா?” என்றார், இறங்கிய குரலில்.

“ஆமா மாமா.”

“அவருக்குப் பக்கத்துல நானா?”

“வேகம் குறையும்னு அன்னிக்கு அநேகமா எல்லாருமே நெனச்சாங்க. ஆனா அந்தக் குதிரை உங்களோடது மட்டும்தான்.”

அவர் இரண்டு அடி பின்னால் போய், மொத்த வரிசையையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சக்கரக்காரர் பலகை ஏன் தம் சட்டத்தைவிட அகலமாக இருக்கிறது என்று விசாரித்தார். மருமகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். பேரம் நடந்தது. அகலம் கூட்டுவதில்லை என்றும், தனி விளக்கு ஒன்று உண்டு என்றும் முடிவாயிற்று. ஆனால் மருமகளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. குதிரைக்குப் பிறகு இன்னொரு வாக்கியம் வேண்டும்; அதை அவரே சொல்ல வேண்டும்.

பேராசிரியர் பொத்தானைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அந்த மண்டபமே அவர் வாயைப் பார்த்துக் காத்திருப்பதுபோல் அவளுக்கு இருந்தது. கடைசியில், வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல் என்றார்.

“மத்தவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல மாமா. இங்க வந்து தன் வாயால சொல்றதுக்கு இந்த வரிசையில நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

ஒலிப்பதிவு அறையில் முதல் முறை சொன்னபோது ‘தவறாக’ என்ற சொல் கோட்டை ஒன்றைப் பிடித்ததுபோல் முழங்கியது. ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி, ஐயா, பரிசு வாங்கின மாதிரி இருக்கு என்றார். மறுபடி சொன்னார், பரிசை மறுத்த மாதிரி இருந்தது. மறுபடியும், மறுபடியும். பொழுது சாயும் நேரத்தில், களைப்பினாலோ வேறு எதனாலோ, குரலிலிருந்த மேடை தானாகவே கழன்று விழுந்தது. “...என்று நான் சொன்னேன். தவறாகச் சொன்னேன்.” ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

வெளியே வந்த பேராசிரியர் படியில் நின்று மருமகளிடம் ஒரு கேள்வி கேட்டார். எத்தனையோ வருடமாக அவர் கேட்காத கேள்வி அது. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கேட்காமலே இருந்துவிட்டார்.

“அப்ப, எதும்மா அதைப் புடிச்சுத் தள்ளுது?”

“தெரியாது மாமா. ஒரு பேரு வச்சிருக்காங்க. அந்தப் பேருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது.”

“யாருக்குமேவா?”

“யாருக்குமே.”

இறந்துபோனதாக நினைத்திருந்த யாரோ உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தவர்போல் அவர் முகம் மாறியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் வலது கையை உயர்த்தினார்.

“பேரண்டத்தின் பெரும்பகுதி என்னவென்றே மனிதகுலத்துக்குத் தெரியாது!”

“தெரியாதுங்கறதுக்கும் கையைத் தூக்கணுமா?” என்றார் மாமியார். “இறக்குங்க, தட்டு வைக்கணும்.”

கை இறங்கியது. தட்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. மருமகள் பக்கம் சாய்ந்து, அந்த வெடித்த விண்மீன்களை அளந்தவர்கள் எழுதிய கட்டுரை காட்சியக நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.